திருகோணமலையிலிருந்து இருபதாம் நூற்றாண்டுத் தொடக்ககால விழாச் சீருடைகளைச் சேகரித்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் உள்ள சீருடைகளில் மிகக் குறைந்த விலைக்கு வந்தது ஒரு வெள்ளைப் பருத்தி மேலங்கி. அதில் பொத்தான் ஒன்றுகூட இல்லை, தோள்பலகைகள் இல்லை, நிமிர்ந்த கழுத்துப்பட்டியின் ஒரு முனை நைந்து நூல் தெரிகிறது. ஆனால் அந்தப் பட்டியைப் புரட்டிப் பார்த்தால், உட்புறத்தில் இரண்டு சிறு கோடுகளும் அவற்றின் கீழே மூன்று புள்ளிகளும் கருநிறத்தில் இருக்கின்றன. அது சேங்கொட்டைச் சாற்றால் இடப்பட்ட சலவைக் குறி. எத்தனை முறை வெளுத்தாலும் போகாத அந்தக் கருமையைக் கொண்டுதான் சலவைத் தொழிலாளர்கள் எந்த உடுப்பு யாருடையது என்று பிரித்தறிந்தார்கள். இந்த மேலங்கியைத் தைத்தவரும் அணிந்தவரும் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம், ஆனால் அது வெப்பநாட்டுத் துறைமுகம் ஒன்றில் உழைத்த உடுப்பு என்பதற்கு அந்த ஐந்து அடையாளங்களே சான்று. பளபளக்கும் பொத்தான்களோடு வந்த வேறு சில கோட்டுகளில் இவ்வளவு உறுதியான செய்தி எதுவும் இல்லை.

பழைய சீருடை சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதைச் சுற்றியே இருக்கிறது. துணியிலும் தையலிலும் பொத்தானின் முதுகிலும் எழுதப்பட்டிருப்பதை வாசிக்கக் கற்க வேண்டும். வாசித்து முடிக்கும்வரை எதையும் துடைக்கவோ கழுவவோ மாற்றவோ கூடாது.

முதலாம் படி: எல்லையைக் குறுக்கிக்கொள்ளுதல்

விழாச் சீருடை என்று நான் இங்கே சொல்வது அணிவகுப்பு, அரச விழா, விருந்து, தேவாலய ஊர்வலம் போன்றவற்றுக்காக அணியப்பட்ட உடுப்பை. பிரித்தானியத் தரைப்படையில் 1902 ஆம் ஆண்டு காக்கிப் பணியுடை வந்த பிறகு சிவப்பும் நீலமுமான பழைய மேலங்கிகள் விழாக்களுக்கே உரியவையாயின. 1914 இல் போர் தொடங்கியதும் அவையும் நிறுத்தப்பட்டன. போருக்குப் பின் அரண்மனைக் காவற்படைகளும் இசைக்குழுக்களும் போன்ற சிலவற்றுக்குத் தவிர, மற்றப் பிரிவுகளுக்கு அவை பொதுவான உடுப்பாகத் திரும்பவில்லை. ஆகவே தரைப்படை விழாச் சீருடை என்றால் பெரும்பாலும் 1902 முதல் 1914 வரையான பன்னிரண்டு ஆண்டுகளின் பொருள்தான். கடற்படையின் முழு விழாச் சீருடை, அதாவது இருமுனைத் தொப்பியும் குஞ்சத் தோளணியும் சரிகைப் பட்டை தைத்த வாற்கோட்டும், 1939 வரை வழக்கில் இருந்தது.

திருகோணமலையில் இருப்பவர் இந்தப் பரந்த பரப்பில் எல்லாவற்றையும் தொட முயலக் கூடாது. நமக்கு இயல்பாக மூன்று துறைகள் உண்டு. முதலாவது, பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவின் கப்பல்களில் வந்தவர்களின் உடுப்புகள், குறிப்பாக வெள்ளை மேலங்கிகள். இரண்டாவது, 1899 முதல் 1924 வரை தனிப் பிரிவாக இயங்கிய கோட்டைப் பீரங்கிப் படையின் கருநீல மேலங்கிகள். நம் ஊரின் பிரடெரிக் கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் முனையையும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இந்தப் படையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மூன்றாவது, இலங்கையின் தொண்டர் படைகள்: 1881 இல் தொடங்கிய இலங்கை இலகு காலாட்படை, 1900 இல் உருவான தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படை, இவற்றையெல்லாம் 1910 இல் ஒன்றாகக் கொண்டுவந்த இலங்கைப் பாதுகாப்புப் படை ஆகியவை. மூன்றாம் துறை மிக அரிது, விலையும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர் கடற்படை வெள்ளையிலிருந்தே தொடங்கட்டும். அதில் தவறு செய்தாலும் இழப்பு சிறியதாக இருக்கும், கற்றுக்கொள்வதோ நிறைய.

நம் ஊர் வரலாற்றின் ஓட்டத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 1905 ஆம் ஆண்டளவில் பிரித்தானியக் கடற்படையின் தலைமையில் இருந்த அட்மிரல் ஃபிஷரின் சீர்திருத்தங்களின்போது மூடப்பட்ட கடற்படைத் தளங்களில் திருகோணமலையும் ஒன்று. முதலாம் உலகப் போருக்குப் பின்னரே தளம் மீண்டும் உயிர்பெற்றது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. எனவே, 'இது 1910 இல் திருகோணமலையில் இருந்த கடற்படை அதிகாரியின் கோட்' என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பிவிடாமல், எந்தக் கப்பல், எந்தப் பயணம் என்று கேளுங்கள். இங்குள்ள வீடுகளில் கிடைப்பவற்றில் 1920 க்குப் பிந்தியவையே அதிகம் என்பதைத்தான் நான் இதுவரை கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: காலத்தைக் கணிக்கும் அடையாளங்கள்

முதலில் கிரீடத்தைப் பாருங்கள். 1901 இல் விக்டோரியா மகாராணி மறைந்த பின், ஏழாம் எட்வேர்ட் காலத்திலிருந்து 1953 வரை பொத்தான்களிலும் சின்னங்களிலும் வரும் கிரீடத்தின் மேல்வளைவு குவிமாடம்போல் உருண்டு உயர்ந்திருக்கும். சேகரிப்பாளர்கள் இதை மன்னர் கிரீடம் என்பார்கள். இரண்டாம் எலிசபெத் முடிசூடிய 1953 முதல் வந்த கிரீடத்தில் மேல்வளைவுகள் நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் சந்தையில் காட்டப்படும் போலிப் பழைமைகளில் பாதியை விலக்கிவிடலாம். எனினும் ஓர் எச்சரிக்கை: மூன்றாம் சார்ள்ஸ் 2022 இல் பதவியேற்ற பின் உருண்ட கிரீடம் மீண்டும் வந்திருக்கிறது. நேற்று வார்த்த பொத்தானிலும் அது இருக்கலாம். ஆகவே கிரீடத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கும் காலம் போய்விட்டது.

அடுத்தது மன்னரின் முதலெழுத்துகள். ஏழாம் எட்வேர்டின் எழுத்து 1901 முதல் 1910 வரையும், ஐந்தாம் ஜோர்ஜின் எழுத்து 1910 முதல் 1936 வரையும் வழங்கின.

தரைப்படை அதிகாரிகளின் தோளில் உள்ள நட்சத்திரங்கள் இன்னும் நுட்பமானவை. 1902 வரை இரண்டாம் லெப்டினன்டுக்கு நட்சத்திரம் இல்லை, லெப்டினன்டுக்கு ஒன்று, கப்டனுக்கு இரண்டு. அந்த ஆண்டிலிருந்து முறையே ஒன்று, இரண்டு, மூன்று என ஆயின. ஒரு மேலங்கியில் இரண்டு நட்சத்திரங்களைக் கண்டு அதன் உரிமையாளர் லெப்டினன்ட் என்று எழுதிவைத்த பிறகு, பெயர்ப்பட்டியில் 1900 என்ற ஆண்டு தெரிந்தால், அவர் கப்டன் என்று திருத்த வேண்டியிருக்கும்.

கடற்படைக் கைமுனைக்குச் சற்று அதிக நேரம் கொடுங்கள், ஏனெனில் ஓர் ஆளின் வாழ்க்கையே அங்கே சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. சரிகைப் பட்டைகளின் எண்ணிக்கை தரத்தைச் சொல்லும். பட்டைகளுக்கு இடையே தைத்த நிறத்துணி தொழிலைச் சொல்லும்: ஊதா என்றால் பொறியியலாளர், சிவப்பு என்றால் மருத்துவர், வெள்ளை என்றால் சம்பளக் கணக்கர். மேல்பட்டையில் உள்ள வட்டச் சுருள் முதலில் கப்பலைச் செலுத்தும் பிரிவினருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1915 இல் பொறியியலாளருக்கும் 1918 இல் மற்றப் பிரிவினருக்கும் அது வழங்கப்பட்டது. எனவே ஊதாத் துணியோடு சுருள் இல்லாத கைமுனை 1915 க்கு முந்தியது என்று நம்பிக்கையோடு சொல்லலாம். பட்டை நேராக இல்லாமல் அலைபோல் வளைந்திருந்தால் அவர் தொண்டர் கடற்படையினர், இரு கயிறுகள் பின்னிய சங்கிலிபோல் இருந்தால் வணிகக் கப்பல்களிலிருந்து வந்த சேமப்படையினர்.

சாதாரணப் படையினரின் உடுப்புகளில் வேறு சான்று தேட வேண்டும். அவை அரசு வழங்கியவை. உள்துணியில் அளவு எண்களும், காக்கைக்கால்போல மூன்று கோடுகள் மேல்நோக்கிக் கூடும் அம்பு முத்திரையும் இருக்கும். அதிகாரிகள் தங்கள் பணத்தில் தையற்காரரிடம் தைத்துக்கொண்டவர்கள் என்பதால் அவர்களுடைய கோட்டில் அந்த முத்திரைக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக உள்பையில் தையற்கடையின் பட்டி இருக்கும், அதில் மையால் எழுதிய பெயரும் ஆண்டும் இருந்தால் அதைவிட மேலான பேறு இல்லை. கடைப் பெயரும் காலத்தைச் சொல்லும். கீவ்ஸ், ஹோக்ஸ் என்ற இரண்டு புகழ்பெற்ற கடைகள் 1974 இல்தான் இணைந்தன. இரு பெயர்களும் சேர்ந்த பட்டியுள்ள மேலங்கியை 1912 இன் பொருள் என்று யாராவது காட்டினால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம்.

கண் பழகுவதற்கு இங்கேயே இடங்கள் உண்டு. ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் அமைந்த கடற்படை அருங்காட்சியகத்திலும், உவர்மலையில் உள்ள இராணுவ அருங்காட்சியகத்திலும் ஒரு முற்பகலைச் செலவிடுங்கள். நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்றாலும், கல்லறைக் குறிகளில் உள்ள படைப்பிரிவுச் சின்னங்களை வரிசையாகப் பார்த்துக் குறிப்பெடுப்பது நல்ல பயிற்சி. நான் பல சின்னங்களை அங்கேதான், ஒவ்வொரு பெயரையும் வாசித்தபடி, கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் படி: தேடுதல்

வெளிநாட்டு ஏலங்களில் எல்லாம் கிடைக்கும். பணமும் பொறுமையும் சுங்கத்தில் முறையாக அறிவிக்கும் ஒழுங்கும் இருந்தால் போதும் என்பதால் அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை. நம் ஊரில் தேடுவதுதான் கடினமானது, அதுவே பயனுள்ளதும்.

டொக்யாட் எனப்படும் கடற்படைக் கப்பல்துறையில் எழுதுவினைஞராகவும் தையற்காரராகவும் சமையற்காரராகவும் பணியாற்றியவர்களின் வீடுகளே முதன்மையான இடம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வீட்டில் எந்தச் சீருடைத் துணி இருந்தாலும் அது ஆபத்தாக முடியலாம் என்ற அச்சத்தில், பழைய கோட்டுகளை எரித்தவர்களையும் கிணற்றடியில் புதைத்தவர்களையும் எனக்குத் தெரியும். எஞ்சியவை கோட்டாக எஞ்சாமல் வேறு உருவத்தில் எஞ்சியிருப்பதுண்டு. ஆகவே 'பழைய சீருடை இருக்கிறதா' என்று கேட்பதைவிட, பழைய பெட்டி, பழைய பொத்தான், பழைய தொப்பி இருக்கிறதா என்று கேளுங்கள்.

உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டில் ஓர் ஆச்சி தன் காணி உறுதிகளை வைத்திருந்த கறுப்புத் தகரப் பெட்டியைப் பார்த்தேன். சாதாரணப் பெட்டிபோல் சதுரமாக இல்லை. ஒரு பக்கம் அகன்று இரு முனைகளும் ஒடுங்கிப் பிறைபோல் இருந்தது. மேல்மூடியில் நான்கு சிறு ஆணிகளால் பதித்த பித்தளைத் தகடு ஒன்று. உள்ளே உறுதிப் பத்திரங்களுக்கு அடியில் நீல வெல்வெட்டின் நைந்த ஓரம் தெரிந்தது. அது கடற்படை அதிகாரியின் இருமுனைத் தொப்பியும் தோளணிகளும் வைக்கும் பெட்டி. "தம்பி, பெட்டியத் தாறதெண்டா தரலாம், ஆனா உறுதி வைக்க எனக்கு வேற நல்ல பெட்டி ஒண்டு வேணும்" என்றார். "பூட்டுப் போட்ட புதுப் பெட்டி ஒண்டு வாங்கித் தாறன் ஆச்சி, அதுக்கு மேல காசும் தாறன்" என்று சொல்லி இரண்டையும் கொடுத்தேன். தொப்பி எங்கே போயிற்று என்று கேட்டபோது, அவருடைய தகப்பனார் காலத்திலேயே அதன் சரிகையைப் பிரித்து விற்றுவிட்டதாகச் சொன்னார்.

இதில் வியப்பில்லை. பட்டுச் சேலையின் பழைய சரிகையை உருக்கி வெள்ளி எடுக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. சீருடைச் சரிகையும் அப்படித்தான்: வெள்ளிக் கம்பியின்மேல் பொன்முலாம் பூசியது. அதனால் பட்டை இல்லாத கைமுனையைக் கண்டால் ஒதுக்கிவிடாதீர்கள். பட்டை இருந்த இடத்தில் துணி மங்காமல் கருநீலமாக இருக்கும், இரு ஓரங்களிலும் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். சாய்வாக விளக்கடித்துப் பார்த்தால் எத்தனை பட்டை, சுருள் இருந்ததா என்பதுவரை அந்த நிழல் சொல்லிவிடும்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்க்கும் ஒழுங்கு

கையைக் கழுவி உலர்த்திக்கொண்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையில் உடுப்பைக் கிடத்துங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. சரிகையும் பொத்தானும் நிறைந்த மேலங்கியின் பாரம் நூறாண்டு பழைய தோள்தையலைக் கிழித்துவிடும்.

வெளிப்புறத்தைக் கடைசியாகப் பாருங்கள். விற்பவர் காட்ட விரும்புவது வெளிப்புறம், உடுப்பு மறைக்க முடியாதது உட்புறம். முதலில் உள்துணியின் அக்குள் பகுதி: உண்மையாக அணியப்பட்ட உடுப்பில் வியர்வைக் கறையும் நைவும் அங்கேயும் கழுத்தின் உட்பக்கத்திலும் இருக்கும். வெளியே நைந்து உள்ளே புதிதாக இருப்பது ஐயத்துக்குரியது. பிறகு தையல் நூல். உள்தையலின் தளர்ந்த முனையிலிருந்து உரியவரின் அனுமதியோடு ஒரு சிறு துணுக்கு எடுத்து, உடுப்பிலிருந்து தள்ளிவைத்து எரித்துப் பாருங்கள். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரியும். உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் அது பொலியெஸ்டர். அந்த இழை 1941 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பொத்தானைத் திரும்பத் தைத்த நூலில் மட்டும் அது இருந்தால் பிற்காலப் பழுதுபார்ப்பு, முதன்மைத் தையல் முழுவதிலும் இருந்தால் அது பழைய உடுப்பு அல்ல.

புறஊதா விளக்கு ஒன்று வைத்திருப்பது நல்லது. இன்றைய நூலிலும் துணியிலும் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் நீலவெள்ளையாக ஒளிரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய பொருள்கள் துணியில் இல்லை. ஆனால் வெள்ளைப் பருத்தி மேலங்கியில் இந்தச் சோதனை தவறாக வழிநடத்தும், ஏனெனில் பிற்காலத்தில் ஒரு தடவை சலவைத்தூளில் தோய்த்திருந்தாலே முழு உடுப்பும் ஒளிரும். அங்கே துணியை விட்டுவிட்டு, தையலின் ஆழத்தில் மடிந்திருக்கும் ஓரத்தைப் பாருங்கள்.

பொத்தானை முன்பக்கம் பார்த்தபின் முதுகைப் பாருங்கள். ஃபர்மின், கோன்ட், ஸ்மித் அண்ட் ரைட் போன்ற செய்வினைஞர்களின் பெயரும் ஊரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். பேர்மிங்ஹாமின் பட்டன்ஸ் லிமிடெட் 1907 இல் அமைந்தது என்பதால் அந்தப் பெயருள்ள பொத்தான் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. எடை குறைவாக, மங்காத மஞ்சள் பளபளப்போடு இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அலுமினியப் பொத்தான். வெள்ளை மேலங்கிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அவற்றைச் சலவைக்குக் கொடுக்கும் முன் பொத்தான்களைக் கழற்ற வேண்டும் என்பதற்காக, பொத்தான்கள் துணியில் தைக்கப்படாமல் சிறு துளை வழியாக நுழைத்து உள்ளே வளையம் மாட்டப்பட்டிருக்கும். ஆகவே அத்தகைய மேலங்கியின் பொத்தானை எவரும் அரை நிமிடத்தில் மாற்றலாம், அதன் சாட்சியம் வலுக்குறைந்தது. துளையின் ஓரத்தில் உள்ள பச்சைக் களிம்புக்கறை பொத்தான் காம்பின் அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் மகிழலாம்.

ஐந்தாம் படி: விலையும் சட்டமும்

விலைக்கு ஒரே அளவுகோல் கிடையாது. முழுமையும் பெயரும் விலையை உயர்த்தும், அந்துப்பூச்சித் துளையும் மாற்றிய பொத்தானும் குறைக்கும். குறையுள்ள மேலங்கியை வாங்கிப் பிறகு பகுதிகளைத் தேடிப் பூர்த்திசெய்யலாம் என்ற எண்ணம் புதியவர்களுக்கு எளிதில் வரும். நான் அதற்கு எதிரானவன். வேறு வேறு ஆட்களின் பொத்தானையும் தோளணியையும் ஒரே கோட்டில் சேர்த்தால் ஒருவருக்கும் உரியதல்லாத உடுப்பொன்று உருவாகிவிடும். வெற்றுத் துளைகளோடே வைத்திருங்கள்.

வயதானவர்களிடம் வாங்கும்போது பொருளின் உண்மையான மதிப்பைச் சொல்லி வாங்குங்கள். இது சிறிய ஊர், சொல்லாமல் வாங்கியவரின் பெயர் மறுவாரமே தெருவில் நடமாடும். விற்பனையைக் கையெழுத்தோடு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இரண்டு எல்லைகள் முக்கியமானவை. நாட்டைவிட்டு எதையாவது வெளியே அனுப்பவோ விற்கவோ எண்ணினால், 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கலாம். தொல்லியல் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, முப்படைகளின் இன்றைய சீருடையையும் உருமறைப்புத் துணியையும் தொடவே வேண்டாம். பழைய உடுப்பையும் அணிந்து வெளியே போகாதீர்கள், அணிந்து படமெடுப்பதும் தையலுக்குக் கேடு.

ஆறாம் படி: முதல் மூன்று வாரங்கள்

புதிதாக வந்த உடுப்பை ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் கம்பளி, பட்டு, இறகு ஆகியவற்றைத் தின்னும். ஒரு மடிப்புக்குள் இருக்கும் முட்டைகள் ஒரு மாரிக்குள் அலுமாரி முழுவதையும் அழித்துவிடும்.

பாதுகாப்பான வழி குளிர்விப்பது. உடுப்பை அமிலமற்ற மெல்லிய தாளில் தளர்வாகச் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, காற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டுநாடாவால் இறுக மூடுங்கள். மறை 18 பாகை செல்சியஸில் இயங்கும் உறைகுளிர்ப்பெட்டியில் இரண்டு வாரங்கள் விடுங்கள். இடையில் நீண்ட மின்வெட்டு வந்து உறைநிலை குலைந்தால் நாள்களை முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்தபின் இருபத்துநான்கு மணிநேரம் பையைத் திறக்கக் கூடாது. நம் ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த துணியில் பட்டால் நீர்த்துளியாகப் படியும், அந்த ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்து போகட்டும். வண்ணப்பூச்சுள்ள தோற்பொருளையும் நெட்டி அல்லது தக்கையால் செய்த வெயிற்தொப்பியையும் இப்படிக் குளிர்விக்காதீர்கள். அவற்றைத் தனிப் பெட்டியில் ஒரு மாதம் கண்காணித்தால் போதும்.

பிறகு தூசு அகற்றுதல். மெல்லிய நைலோன் வலையை உடுப்பின்மேல் பரப்பி, தூசுறிஞ்சியை மிகக் குறைந்த வேகத்தில் வலைக்கு மேலாக நகர்த்துங்கள். வேறு எந்தச் சுத்தமும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. தொடக்கக் காலத்தில் ஒரு வெள்ளை மேலங்கியை, மஞ்சளாகிவிட்டதே என்று, ஒரு சலவையகத்தில் கொடுத்தேன். நன்றாக வெளுத்துக் கஞ்சி போட்டு மடித்துத் தந்தார்கள். கொடுக்கும்போது கழுத்தின் உட்பட்டியில் மையால் எழுதிய ஒரு பெயர் இருந்தது. பிறகு படிக்கலாம் என்று படமெடுக்காமல் விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் சாம்பல்நிறப் பூச்சு மட்டுமே இருந்தது. அந்த மனிதர் யாரென்று இனி அறிய வழியில்லை. பல ஆண்டுகள் கடந்தும் அந்த மேலங்கியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

உலோகத்துக்கும் இதே விதி. குத்துவிளக்குத் துலக்கும் பிராசோவையோ புளியையோ பொன்முலாம் பொத்தானில் தேய்த்தால் முலாம் போய்ப் பித்தளைதான் மிஞ்சும். சரிகை கறுத்திருப்பது அதன் உள்ளிருக்கும் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்ததால். அதை எலுமிச்சைச் சாறு கொண்டு வெளுக்க முயன்றால் சரிகையின் உள்நூல் அழுகும். சிவப்புத் துணியில் நீர் பட்டால் சாயம் ஓரத்து வெள்ளை நாடாவில் ஏறிவிடும், பிறகு இறங்காது.

ஏழாம் படி: கச்சான் காற்றுக்கும் மாரிக்கும் இடையில் பாதுகாத்தல்

பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 50 க்கும் 55 க்கும் இடைப்பட்டிருப்பது சிறப்பு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் இங்கே அது எளிதல்ல. வீட்டின் நடுவில், கடலைப் பார்க்கும் யன்னலிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் விலகிய சிறிய அறையைத் தெரிவுசெய்யுங்கள். உப்புக்காற்று பித்தளையைப் பச்சைபிடிக்கச் செய்யும். ஒரு ஈரப்பதமானி வாங்கி நாளுக்கு இருமுறை எழுதிவையுங்கள். காற்றுப்புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை இட்டு, நிறம் மாறியதும் மின்சூளையில் (ஓவனில்) உலர்த்தித் திரும்ப வைக்கலாம்.

கச்சான் வீசும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான வறண்ட நாள்களே பெட்டிகளைத் திறந்து பார்க்கும் காலம். ஒவ்வொன்றையும் எடுத்து, மடிப்புகளைப் பழைய இடத்தில் விழாமல் மாற்றி, துளை ஏதும் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்த்து, அன்றே மூடிவிடுங்கள். வெயிலில் காயப்போடும் வீட்டு வழக்கம் இங்கே உதவாது. நம் ஊர் வெயில் சிவப்பை ஒரே பருவத்தில் மங்கச் செய்யும்.

சரிகைப் பாரமுள்ள மேலங்கியைத் தொங்கவிடாமல் கிடத்தியே வைக்க வேண்டும். கைகளுக்குள்ளும் மார்புக்குள்ளும் அமிலமற்ற தாளை உருட்டி வைத்தால் மடிப்பு கூர்மையாகாது. செய்தித்தாள் கூடாது, அதன் அமிலமும் மையும் துணிக்குப் பகை. கஞ்சியில்லாமல் துவைத்த கோராத் துணியால் மூடுங்கள். வேப்பிலை, வசம்பு, கற்பூரம் ஆகியவற்றைப் பெட்டியில் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவை பூச்சியை முழுமையாகத் தடுப்பதில்லை, துணியில் படும் இலைச்சாறு கறையாகும். நப்தலின் உருண்டையின் ஆவி உங்கள் நெஞ்சுக்கும் நல்லதல்ல. காட்சிக்கு வைப்பதானால் ஒளியை 50 லக்ஸுக்குள் நிறுத்தி, சில மாதங்களுக்கு மேல் ஒரே உடுப்பை வெளியே வைக்காதீர்கள்.

எட்டாம் படி: பெயரைத் தேடுதலும் பதிவேடும்

பட்டியில் ஒரு பெயர் கிடைத்தால் வேலை அங்கிருந்து விரியும். பிரித்தானியக் கடற்படையும் தரைப்படையும் தங்கள் அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களைத் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட்டன. அவற்றில் பெரும்பகுதியை ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரையும் தரத்தையும் ஆண்டையும் அவற்றில் ஒப்பிட்டால் அவர் எந்தக் கப்பலில் இருந்தார் என்பது வெளிப்படும். இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படை அதிகாரிகளின் பணிப் பதிவுகள் ஏடிஎம் 196 என்ற தொகுதியிலும் மாலுமிகளின் பதிவுகள் ஏடிஎம் 188 என்ற தொகுதியிலும் உள்ளன. கப்பல் திருகோணமலைக்கு வந்த ஆண்டும் மேலங்கியின் ஆண்டும் பொருந்தினால், அந்த உடுப்பு இங்கே அணியப்பட்டிருக்கலாம் என்று எழுதலாம். 'அணியப்பட்டது' என்று எழுதுவதற்கு அதற்கு மேலும் ஒரு சான்று வேண்டும், ஒரு படமோ கடிதமோ சலவைக் குறியோ.

ஒவ்வொரு பொருளுக்கும் தடித்த அட்டைப் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வந்த நாள், தந்தவர் சொன்ன செய்தி அவர் சொன்ன சொற்களிலேயே, எல்லாப் பக்கங்களின் படங்கள், பொத்தான் முதுகில் உள்ள எழுத்துகள், பழுதுகள், குளிர்வித்த தேதி என்று எழுதுங்கள். சலவைக் குறிகளை அளவுமாறாமல் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாத நம்மவர் ஒருவரின் கை அந்த உடுப்பில் பட்டதற்கு அதைத் தவிர வேறு பதிவு இல்லை. நான் இதுவரை ஒன்பது குறிகளை வரைந்து வைத்திருக்கிறேன், அவற்றில் இரண்டு ஒரே மாதிரியானவை, இரு வேறு அதிகாரிகளின் மேலங்கிகளில் இருந்தவை.

ஆச்சியின் தகரப் பெட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. பித்தளைத் தகட்டைத் துலக்காமல், மெல்லிய தாளை அதன்மேல் வைத்து மென்பென்சிலால் சாய்வாகத் தேய்த்தபோது மூன்று முதலெழுத்துகளும் ஒரு குடும்பப் பெயரின் முன்பாதியும் எழும்பி வந்தன. பின்பாதி இருந்த இடத்தில் தகடு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. அது மூடியைத் திறக்கப் பெருவிரலை ஊன்றும் இடம். அந்தப் பதிவுக்குக் கீழே, பெட்டி எத்தனை ஆண்டுகள் காணி உறுதிகளைக் காத்தது என்பதையும் ஆச்சி சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.